ஆத்து மணலையே ஃபில்டர் ஆக்கினவர்

செப்டம்பர் 15 வந்தா நம்ம காலேஜ்ல ஒரு காட்சி கட்டாயம் உண்டு. மெயின் பிளாக் வாசல்ல ஒரு மேஜை, வெள்ளைத் துணி, அதுமேல மைசூர் தலைப்பாகை கட்டின ஒரு பெரியவர் போட்டோ, ஒரு சம்பங்கி மாலை. எச்.ஓ.டி ரெண்டு நிமிஷம் பேசுவார். சமோசா வரும். கலைஞ்சு போயிடுவோம். அன்னிக்கு ராத்திரிக்குள்ள கிளாஸ் குரூப்ல ரயிலை நிறுத்தின கதை ஒண்ணு நாலு பேர்கிட்டேர்ந்து ஃபார்வர்டா வந்துடும்.

அந்த ரயில் கதையை நான் இங்க சொல்லப் போறதில்லை. அதைவிட நல்ல கதை ஒண்ணு இருக்கு. மணல் கதை. மூணு வருஷமா அந்த போட்டோவைத் தாண்டி கேன்டீனுக்குப் போன எனக்கு, போன வருஷம் ஒரு அசிங்கப்பட்ட சம்பவத்துக்கு அப்புறம்தான் அவரைப் பத்திப் படிக்கணும்னு தோணிச்சு.

முதல்ல அந்த அசிங்கத்தைச் சொல்லிடறேன். என்.எஸ்.எஸ். ஏழு நாள் கேம்ப்புக்கு ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தோம். ஊருக்கு ஓடைத் தண்ணிதான். மழைன்னா கலங்கி டீ மாதிரி வரும். நாங்க நீல டிரம் வாங்கி, ஜல்லி, மணல், கரி எல்லாம் அடுக்கி, கடைசியில கடையில வாங்கின ஃபில்டர் கேண்டில் வெச்சு, குழாய் மாட்டி, பெயின்ட் அடிச்சு, காலேஜ் பேரையும் எழுதிட்டு வந்தோம். போட்டோ எடுத்தோம். ரிப்போர்ட் போட்டோம். மார்க்கும் வந்துச்சு.

நாலு மாசம் கழிச்சு ஒரு சர்வேக்காக மறுபடியும் அங்க போனோம். டிரம் அப்படியே நின்னுட்டு இருந்துச்சு, உள்ள ஒரு கோழி அடை காத்துட்டு இருந்துச்சு. கலங்கல் தண்ணியில கேண்டில் ரெண்டே மாசத்துல அடைச்சுக்கிச்சாம். மாத்தணும்னா மலை இறங்கி டவுனுக்குப் போகணும். யார் போவாங்க, யார் காசு குடுப்பாங்க? நாங்க யோசிக்கவே இல்லை. டிரம்முக்கு இருபது அடி தள்ளி ஒரு பாட்டி ஓடை மணல்ல கையால ஊத்து தோண்டி, கொட்டாங்கச்சியால மொண்டு குடத்துல ஊத்திட்டு இருந்தாங்க. கண்ணாடி மாதிரி தண்ணி. எங்களைப் பார்த்து நல்லா இருக்கீங்களா கண்ணுன்னு விசாரிச்சாங்க. டிரம் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் ரொம்ப வலிச்சுச்சு.

இப்போ அந்தத் தலைப்பாகைக்காரர் கதைக்கு வருவோம். மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. சுருக்கமா எம்.வி.

1860-களின் தொடக்கத்துல, பெங்களூருக்கு வடக்கே சிக்கபள்ளாப்பூர் பக்கம் முத்தேனஹள்ளிங்கிற கிராமத்துல பிறந்தார். அப்பா ஸ்ரீனிவாச சாஸ்திரி சம்ஸ்கிருதம் படிச்சவர். படிப்பு இருந்த வீடு, பணம் இல்லாத வீடு. எம்.வி. ஸ்கூல் படிக்கிறப்பவே அப்பா இறந்துட்டார். பெங்களூர்ல தாய்மாமா வீட்டோட ஆதரவுல படிப்பைத் தொடர்ந்தார். ஒரு வசதியான குடும்பத்துப் பசங்களுக்கு டியூஷன் எடுத்தார். சாப்பாடு ஓர் இடம், படுக்கை ஓர் இடம், காலேஜ் ஓர் இடம்னு தினமும் நடை.

பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் அப்போ மதராஸ் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருந்துச்சு. அதனால 1881-ல அவர் வாங்கின பி.ஏ. பட்டம் நம்ம மெரினா எதிர்ல இருக்கிற பல்கலைக்கழகத்தோட பட்டம். அதுக்கு அப்புறம் மைசூர் அரசு குடுத்த ஸ்காலர்ஷிப்ல பூனா அறிவியல் கல்லூரியில இன்ஜினீயரிங் சேர்ந்தார். அந்த ஸ்காலர்ஷிப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன். 1883-ல பம்பாய் மாகாணத்திலேயே முதல் இடம். 1884-ல பம்பாய் அரசோட பொதுப்பணித் துறையில அசிஸ்டென்ட் இன்ஜினீயர் வேலை. அப்போ அவருக்கு ஏறக்குறைய நம்மைவிட ரெண்டு வயசுதான் அதிகம்.

முதல் போஸ்டிங் கிராமப்புறம்தான். நாசிக், கான்தேஷ் பக்கம். அங்க அவருக்கு வந்த ஆரம்ப வேலைகள்ல ஒண்ணு, ஓர் ஆத்துக்குக் குறுக்கே பாசனத் தண்ணியைக் கொண்டு போறது. ஆத்துக்கு மேல பாலம் கட்டி வாய்க்காலைக் கொண்டு போகலாம், செலவு அதிகம். இல்லைன்னா ஆத்துக்கு அடியில குழாயைப் புதைச்சு, இந்தக் கரையில இறக்கி அந்தக் கரையில ஏத்தலாம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல நாம கொட்டாவி விட்டுக்கிட்டே படிச்ச சைஃபன்தான். நுழையற பக்கம் தண்ணி மட்டம் கொஞ்சம் உசரமா இருந்தா போதும், பம்ப்பே வேண்டாம். மழைக்காலத்துல ஆத்து வெள்ளத்தோட மல்லுக்கட்டி அந்த வேலையை முடிச்சார். காசு குறைச்சல், இருக்கிறதை வெச்சு எப்படி செய்யறதுங்கிற கேள்வி அங்கேயே ஆரம்பிச்சிடுச்சு.

அதே கேள்வி பெரிசா வந்தது சுக்கூர்ல. இன்னிக்குப் பாகிஸ்தானோட சிந்து மாகாணத்துல இருக்கிற ஊர். அப்போ அது பம்பாய் மாகாணத்துல சேர்ந்தது. சிந்து நதிக்கரையில இருந்தும் குடிதண்ணிக்கு வழி இல்லாத ஊர். கொளுத்துற வெயில். நதியில தண்ணி கொள்ளை கொள்ளையா ஓடும், ஆனா வண்டல் கலந்து சேறு மாதிரி. 1894-ல எம்.வி.யை அங்க அனுப்பினாங்க. வயசு முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும்.

அந்தக் காலத்துல இதுக்கு டெக்ஸ்ட்புக் பதில் ஒண்ணு இருந்துச்சு. ஃபில்டர் பெட். பெரிய தொட்டி கட்டி, அடியில ஜல்லி, மேல மணல் பரப்பி, தண்ணியை மெதுவா இறங்க விடணும். லண்டன்ல செல்சீ வாட்டர் கம்பெனி 1829-லேயே இதைச் செஞ்சிருந்துச்சு. இது எவ்வளவு முக்கியம்னு உலகத்துக்குப் புரிஞ்சது 1892-ல, எம்.வி. சுக்கூர் போறதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரம் எல்பே நதித் தண்ணியை வடிகட்டாம குடிச்சுது. ஒட்டி இருந்த அல்டோனா அதே நதியில, இன்னும் கீழே, இன்னும் அழுக்கான தண்ணியை எடுத்து மணல்ல வடிகட்டிக் குடிச்சுது. காலரா வந்தப்போ ஹாம்பர்க்ல 8,000 பேருக்கு மேல செத்தாங்க. அல்டோனா பெரும்பாலும் தப்பிச்சுது. நடுவுல வித்தியாசம் மணல் மட்டும்தான்.

மணல் எப்படி இதைச் செய்யுதுன்னு நான் சிவில் பசங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வெறும் சல்லடை மாதிரி அழுக்கைத் தடுக்கிறது பாதி வேலைதான். தண்ணி ஒரு மணி நேரத்துக்கு 10, 20 சென்டிமீட்டர்னு ஆமை வேகத்துல இறங்குறப்போ, மணலோட மேல் பரப்புல நுண்ணுயிர்கள் சேர்ந்து வழவழன்னு ஒரு படலம் உருவாகும். அந்தப் படலம்தான் நோய்க்கிருமிகளைப் பிடிச்சுத் தின்னும். அழுக்கு மாதிரி தெரியறதுதான் சுத்தம் பண்ணுது.

சுக்கூருக்குத் திரும்புவோம். திட்டம் என்னன்னா, நதித் தண்ணியைப் பக்கத்துல இருக்கிற குன்றுமேல ஏத்தி, வடிகட்டி, அங்கேர்ந்து குழாய்ல ஊருக்குள்ள விடணும். ஆனா ஃபில்டர் பெட் கட்ட முனிசிபாலிட்டிகிட்ட காசு இல்லை. இந்த இடத்துல நாம என்ன செஞ்சிருப்போம்? நிதி பத்தாதுன்னு ஒரு லெட்டர் எழுதி ஃபைலை மூடியிருப்போம். இல்லைன்னா கலங்கல் தண்ணியையே ஏத்தி விட்டிருப்போம்.

எம்.வி. நதியைப் பார்த்தார். ஃபில்டர் பெட்டுக்கு என்ன வேணும்? மணல். நதிக்கு அடியில என்ன இருக்கு? மைல் கணக்கா மணல். அப்போ தொட்டி எதுக்குக் கட்டணும்? நதியை ஒட்டி ஒரு கிணறு வெட்டினார். அந்தக் கிணத்துலேர்ந்து நதிப் படுகைக்கு அடியில சுரங்கம் மாதிரி ஒரு வழி அமைச்சார். மேல சேறா ஓடுற தண்ணி, அடியில இருக்கிற மணல் வழியா மெதுவா இறங்கி, தெளிஞ்ச தண்ணியா கிணத்துல சேர்ந்துச்சு. அதை பம்ப் வெச்சு குன்றுமேல ஏத்தினாங்க. அங்கேர்ந்து ஊருக்குக் குழாய். 1895-ல ஊர் நல்ல தண்ணி குடிச்சுது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு முன்னாடி வந்தது சிந்து நதி இல்லை. அந்தப் பாட்டியோட கொட்டாங்கச்சி. எம்.வி. செஞ்சதும் பாட்டி செஞ்சதும் ஒரே ஃபில்டர். ரெண்டுலயும் வாங்குற பொருள் இல்லை, அடைச்சுக்கிட்டா மாத்த வேண்டிய கேண்டில் இல்லை. மணலை ஆறே கொண்டு வந்து போடுது, வெள்ளம் வந்து மேல் பரப்பைக் கழுவியும் விட்டுடுது. வைகையிலயும் பாலாத்துலயும் காலங்காலமா நம்ம ஜனங்க கோடையில ஊத்து தோண்டித்தான் குடிச்சாங்க. நாங்க பத்து பேர், எட்டு செமஸ்டர் படிப்போட, அந்த ஓடையோரத்துல ஏழு நாள் இருந்தோம். காலுக்குக் கீழே இருந்ததைப் பார்க்கலை.

இன்னொரு விஷயம். 1895-ல நம்ம ஊர் நிலைமை என்ன? மதராஸ் அப்போ செங்குன்றம் ஏரித் தண்ணியைக் குடிச்சிட்டு இருந்துச்சு. 1872-லேர்ந்து திறந்த கால்வாய் வழியா கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டாமலேயே குழாய்ல போச்சு. கீழ்ப்பாக்கத்துல மணல் ஃபில்டர் வந்தது 1914-ல. அதைக் கட்டின மாநகராட்சி இன்ஜினீயர் பேர் மேட்லி. ஆமா, மழை வந்தா முட்டி அளவுத் தண்ணி நிக்கிற நம்ம தி.நகர் மேட்லி சப்வேயோட பேர் அவரோடதுதான். இன்னிக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் காவிரி, கொள்ளிடம், பாலாறு மணல்ல இறக்கின கிணறுகளைத்தான் நம்பியிருக்கு. அதனாலதான் மணல் கொள்ளைன்னா அது வெறும் லாரி பிரச்சினை இல்லை. ஃபில்டரையே திருடிட்டுப் போறது.

சுக்கூருக்கு அப்புறம் எம்.வி. பூனா பக்கம் திரும்பினார். கடக்வாஸ்லா அணையில ஒரு சிக்கல். அணை நிறைஞ்சு மழைக்காலத்துல தண்ணி வழிஞ்சு வீணாப் போகும், கோடையில பூனாவுக்குப் பத்தாது. சுவரை உசத்தணும்னா அணை தாங்கணும், செலவும் பயங்கரம். உபரிநீர் வழியில மேல தானியங்கி மதகு வெச்சார். தண்ணி ஒரு மட்டத்தைத் தாண்டினா தானாத் திறக்கும், இறங்கினா தானா மூடும். நடுராத்திரி வெள்ளம் வந்தாலும் ஓர் ஆள் ஓடிவந்து திறக்க வேண்டாம். சுவர்ல கை வைக்காம 8 அடி கூடுதலா தண்ணி நிறுத்தினார். 1903-ல வந்த அந்த மதகு டிசைன் பிறகு வேற அணைகளுக்கும் போச்சு.

அதே காலத்துல அவர் செஞ்ச இன்னொரு வேலைக்கு இரும்பும் வேண்டாம், சிமென்ட்டும் வேண்டாம். கால்வாய்த் தண்ணியை மேல்மடைக்காரங்க தேக்கித் தேக்கிக் கரும்பு போடுவாங்க, அவங்க நிலம் ஊறி சதுப்பாகி கொசுவும் மலேரியாவும் வரும். கடைமடை கிராமங்கள் காஞ்சு கிடக்கும். தஞ்சாவூர்க்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். அவர் நிலத்தை வட்டாரம் வட்டாரமாப் பிரிச்சு, எந்தப் பங்குல எந்தப் பயிர்னு முறை வெச்சு, தண்ணி நிறைய கிராமங்களுக்குப் பரவுற மாதிரி ஒரு திட்டம் போட்டார். விவசாயிகள்கிட்ட எதிர்ப்பு வந்துச்சு. உக்காந்து பேசி, செஞ்சு காட்டித்தான் ஏத்துக்க வெச்சார்.

1906-ல ஏடன் துறைமுகத்துக்கு அனுப்பினாங்க. இப்போ ஏமன்ல இருக்கு. அப்போ அதையும் பம்பாய் அரசுதான் பார்த்துக்கிச்சு. பாலைவனம். குடிதண்ணிக்கும் கழிவுநீருக்கும் வழி சொல்லணும். ஊருக்கு வடக்கே தூரத்துல மலையில பெய்யற மழை ஓர் ஆறா வந்து மணலுக்குள்ள மறைஞ்சு போயிட்டு இருந்துச்சு. அந்த மணலுக்கு அடியிலேர்ந்து எடுங்கன்னு யோசனை சொன்னார். சுக்கூர் பாடம் அங்கேயும் கூட வந்துச்சு.

இவ்வளவு செஞ்சும், அந்த அரசாங்கத்துல தலைமைப் பொறியாளர் நாற்காலி ஓர் இந்தியருக்குக் கிடைக்காத காலம் அது. அதுக்கு மேல படி இல்லைன்னு தெரிஞ்சப்போ, 1908 வாக்குல அவரே வேலையை விட்டு வெளியே வந்தார். உலகம் சுத்திப் பார்க்க ஐரோப்பா போனார்.

அவர் வெளிநாட்டுல இருந்தப்போ, 1908 செப்டம்பர் 28-ம் தேதி ஹைதராபாத்துல மூசி ஆறு பொங்கிச்சு. ஆயிரக்கணக்கான பேர் இறந்தாங்க. நிஜாம் அரசு அவரைக் கூப்பிட்டுச்சு. வந்தவர் நகரத்துக்குள்ள மட்டும் பார்க்கலை. ஆத்துக்கு மேல்புறம் நூத்துக்கணக்கான ஏரிகள் இருந்துச்சு. அதுல 200-க்கு மேல ஒண்ணு உடைஞ்சு இன்னொண்ணை உடைச்சு வரிசையாப் போயிருந்துச்சு. வெள்ளத்தை நகரத்துக்குள்ள தடுக்க முடியாது, மேலேயே தாங்கிப் பிடிக்கணும்னு முடிவுக்கு வந்தார். அவர் யோசனைப்படி கட்டினதுதான் 1920-ல முடிஞ்ச உஸ்மான் சாகர், 1927-ல முடிஞ்ச ஹிமாயத் சாகர். வெள்ளத்தைப் பிடிக்கிற ஏரியே குடிதண்ணி ஏரியும் ஆச்சு. நகரத்துக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டமும் போட்டுக் குடுத்தார். 2015 டிசம்பர்ல கோட்டூர்புரத்துல முதல் மாடி வரைக்கும் தண்ணி பார்த்தவங்களுக்கு, ஏரியைப் பத்தி அவர் கண்டுபிடிச்சது பழைய கதையாத் தெரியாது.

1909-ல மைசூர் சமஸ்தானத்துல தலைமைப் பொறியாளர். 1912-ல திவான், அதாவது முதலமைச்சர் மாதிரி. பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு, யாரும் சிபாரிசுன்னு வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டார்னு சொல்வாங்க.

கிருஷ்ணராஜ சாகர் அணை இந்தக் காலத்துல ஆரம்பிச்சதுதான், 1911-ல. சிமென்ட் நம்ம நாட்டுல சரியாக் கிடைக்காத காலம். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கி சாந்துல கட்டினாங்க, இன்னிக்கும் நிக்குது. தமிழனா இந்த அணையைப் பத்தி எழுதறப்போ கை கொஞ்சம் தயங்குது. மதராஸ் அரசு ஆரம்பத்திலேயே ஆட்சேபிச்சுது, சண்டை 1924 ஒப்பந்தம் வரைக்கும் போச்சு, அதுக்கு அப்புறமும் முடியலை. மேல்மடை கடைமடைன்னு கிராமங்களுக்கு நடுவுல நியாயமா பங்கு பிரிச்ச மனுஷன், இங்கே ஒரு மேல்மடை அரசாங்கத்தோட ஆளா நின்னார். அணைக்காக கண்ணம்பாடி கிராமம் தண்ணிக்குள்ள போச்சு. அந்த ஊர் ஜனங்க எழுந்து போனாங்க. அதையும் சேர்த்துத்தான் அணையைப் பார்க்கணும்.

பாடப் புத்தகத்துல அணை வரும். வராதது ஒண்ணு இருக்கு. திவானா இருந்தப்போ கிராம முன்னேற்றத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தார். ஊருக்கு ஊர் ஒரு குழு. ஊர் ஜனங்களே வாரத்துல கொஞ்ச நேரம் உழைப்பு குடுத்து, கிணறு, வடிகால், ஊர்ச் சுத்தம், ரோடு இதையெல்லாம் பார்த்துக்கணும். அரசாங்கம் கூட நிக்கும். பெரிய அணை கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு, கிராமத்துக் கிணத்தடியில சேறு நிக்காம பார்க்கிறதுக்கு இன்ஜினீயர் மட்டும் பத்தாது, ஒரு குழு வேணும்னு தெரிஞ்சிருந்துச்சு. எங்க டிரம்முக்குக் குழு இல்லை. சாவி யார்கிட்டன்னுகூட நாங்க சொல்லிட்டு வரலை.

அவர் திவானா இருந்த ஆறு வருஷத்துல மைசூர்ல பள்ளிக்கூடங்க சுமார் 4,500-லேர்ந்து 10,500 ஆச்சு. 1916-ல மைசூர் பல்கலைக்கழகம், 1917-ல பெங்களூர்ல இன்ஜினீயரிங் காலேஜ்.

இனி சொல்லப்போறது மாலை போடற அன்னிக்கு யாரும் சொல்லாதது. 1918-ல மைசூர் மகாராஜா, அரசு வேலைகள்ல பிராமணர் அல்லாதவங்களுக்கு இடம் எப்படிக் குடுக்கலாம்னு பார்க்க மில்லர் தலைமையில ஒரு குழு போட்டார். எம்.வி.க்கு அதுல உடன்பாடு இல்லை. தகுதி மட்டும்தான் அளவுகோலா இருக்கணும், எல்லாரையும் படிக்க வெச்சா போதும்ங்கிறது அவர் நிலை. அந்தக் கருத்து வேறுபாட்டுல பதவியை விட்டு விலகினார்.

ஸ்காலர்ஷிப்பை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா. அப்பா இல்லாத பையனை அரசாங்கக் காசு பூனாவுக்கு அனுப்பிச்சு. தாய்மாமா வீடு இருந்துச்சு, வீட்டுல புத்தகம் இருந்துச்சு. பிறகு பம்பாய்ல பிறப்பால ஒரு நாற்காலி மறுக்கப்பட்டப்போ அவருக்கே வலிச்சிருக்கும். அதே மாதிரி நாற்காலி தலைமுறை தலைமுறையா மறுக்கப்பட்டவங்க பக்கத்திலேயே இருந்தாங்க. அவங்களுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் போதும்னு நினைச்சார். இதை அவரோட குறைன்னுதான் நான் சொல்வேன். நம்ம கிளாஸ்ல வீட்டுல முதல் பட்டதாரி எத்தனை பேர்னு கை தூக்கச் சொல்லுங்க. அவர் சொன்ன வழியில மட்டும் போயிருந்தா அதுல எத்தனை கை இங்கே இருந்திருக்கும்? சாக்கடைக்குள்ள இன்னிக்கும் யார் இறங்கறாங்கங்கிறதும் இதே கேள்வியோட இன்னொரு பக்கம்தான். குழாய் போட்டா மட்டும் ஊர் சுத்தமாகிடாது.

பதவி போனாலும் வேலை போகலை. பத்ராவதி இரும்பு ஆலையைத் தூக்கி நிறுத்தினார். ஹைதராபாத் வடிகால் வேலைக்கு மறுபடியும் போனார். 1934-ல இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேணும்னு புத்தகம் எழுதினார். தொண்ணூறு வயசைத் தாண்டி பீகார்ல கங்கைக்கு மேல பாலம் எங்க கட்டலாம்னு இடம் பார்க்கப் போனார். மொகாமாவுல 1959-ல திறந்த பாலம் அது. 1955-ல பாரத ரத்னா. 1962 ஏப்ரல்ல, நூறு வயசைத் தாண்டி, பெங்களூர்ல காலமானார். முத்தேனஹள்ளியில அவர் நினைவிடம் இருக்கு.

என் வீடு மந்தைவெளியில. பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல ஏறினா கீழே பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும். தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரிஞ்சிடும். 2019 கோடையில எங்க தெருவுல லாரிக்காக ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தை வரிசையில வெச்சுட்டு அம்மாவும் நானும் மாறி மாறிக் காவல் இருந்தோம். ஒரு காலத்துல மாடு மேய்ஞ்ச வெளி, இன்னிக்கு நடு நகரம். இங்கேயே தண்ணிக்கும் சாக்கடைக்கும் விடை இல்லாதப்போ, மலைமேல போய் ஏழு நாள்ல விடை குடுத்துடலாம்னு நினைச்சது எங்க திமிர்தான்.

இந்த டிசம்பர்ல நாங்க மறுபடியும் அந்த ஊருக்குப் போறோம். இந்த முறை டிரம் கிடையாது. பாட்டி தோண்டுற அதே இடத்துல ரெண்டு மூணு சிமென்ட் உறை இறக்கி, மேல மூடி போட்டு, ஒரு கைப்பம்பு. சுத்தி தண்ணி தேங்காம ஒரு சின்ன மேடையும் வடிகாலும். மாடு இறங்காம வேலி. கழிவறைக் குழி எல்லாம் ஊத்துலேர்ந்து நல்லா தள்ளி, ஓடையோட கீழ்ப்பக்கம். ஊத்துத் தண்ணி கண்ணாடியா இருந்தா மட்டும் நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்லை, அதனால முதல் நாளே டெஸ்ட் கிட் வெச்சுக் கிருமி இருக்கான்னு பார்க்கணும். அதுக்கும் முன்னாடி ஊர்ல உக்காந்து ஒரு நாள் முழுக்கப் பேசணும். வாஷர் போனா யார் மாத்துவாங்க, காசு எங்கேர்ந்து வரும், எந்த மாசம் ஓடை வத்தும், இதெல்லாம் எங்களைவிட அவங்களுக்குத்தான் தெரியும். கைப்பம்பு பிரிச்சு மாட்ட ஊர்ப் பசங்க ரெண்டு பேருக்காவது, பொண்ணுங்களையும் சேர்த்து, கத்துக் குடுத்துட்டுத்தான் இறங்கணும்.

காலேஜ் பேர் எங்கேயும் எழுதறதா இல்லை.

ஃபைனல் இயர்ங்கிறதால எனக்கு இது கடைசி கேம்ப். ஜூனியர்ஸ் யாராவது கூட வரணும், முக்கியமா சிவில் பசங்க. அடுத்த வருஷம் அந்தப் பம்பு வேலை செய்யுதான்னு போய்ப் பார்க்க நான் இங்கே இருக்க மாட்டேன். பேர் குடுக்கிறவங்க என்.எஸ்.எஸ். ரூம்ல வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அடுத்த செப்டம்பர் 15 அன்னிக்கு மாலை போட்டுட்டு சமோசா சாப்பிடறதுக்கு முன்னாடி, அந்த ஊருக்கு ஒரு போன் போட்டு, தண்ணி வருதான்னு கேளுங்க.